கம்பிகள் போகும் பாதை

புதிதாகக் கட்டுகிற துணிக்கடை, மருத்துவமனை, அலுவலகக் கட்டடம் எதிலும் கூரைக்குச் சற்றுக் கீழே, துளைத்துளையாக நீண்ட தகரம் ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டதும் மறைந்துவிடும். அதன் பெயர் கேபிள் ட்ரே. மின்சாரக் கம்பி, கணினிக் கம்பி, கேமராக் கம்பி எல்லாம் அதன் மேல்தான் போகின்றன. பிரெஞ்சில் இதை ‘ஷ்மேன் தெ காப்ள்’ என்பார்கள், கம்பிகளின் பாதை என்று பொருள். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.) ட்ரே, அதாவது தட்டு என்றதால்தானோ என்னவோ, நம் ஆட்கள் அதில் கிடைத்ததையெல்லாம் போட்டு நிரப்புகிறார்கள். மின்சாரம் ஓடும் கம்பி சூடாகும். ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்தால் சூடு வெளியேறாது, மேலுறை நாளடைவில் கெட்டுவிடும்.

ஆனால் என் வழக்கெல்லாம் அந்தப் பாதை சுவரையும் தளத்தையும் துளைத்துப் போகும் ஓட்டையைப் பற்றியது. ஓட்டையை எப்போதும் தேவைக்கு மேல் பெரிதாகவே உடைப்பார்கள். கம்பி இழுத்து முடித்தபின், மீதி இடைவெளியை ராக் வுல், ஃபயர் சீலன்ட் போன்ற தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குப் போக அதுவே வழி. தீக்கு முன்னால் புகை போகும். பி.வி.சி. உறை எரிந்த புகை கறுப்பாக, மூச்சை அடைப்பதாக இருக்கும். மாடிக்கு மாடி ஏறுகிற ஷாஃப்டைத் திறந்து விட்டால் அது வெறும் புகைபோக்கிதான்.

எங்கள் தெருவில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் எழும்புகிறது. மின்வேலை சூப்பர்வைசரிடம் இதைக் கேட்டேன். “நாங்க அடைச்சிட்டுத்தான் சார் போறோம். பின்னாடி நெட்வொர்க் ஆளுங்க, கேமரா ஆளுங்க வந்து நோண்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிடறாங்க” என்றார். உண்மைதான். ஆனால் அவர் ஆட்கள் அடைத்திருந்தது டப்பாவில் வரும் மஞ்சள் நிற பி.யு. ஃபோம். அடித்ததும் உப்பி இடத்தை நிரப்பும், பார்க்க அழகாக இருக்கும். சாதாரண வகை என்றால் நன்றாக எரியும்!

இதே வகை ஃபோம்தான் 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் தீப்பிடித்தது. கேபிள்கள் நுழையும் ஓட்டையில் காற்றுக் கசிகிறதா என்று ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைக் காட்டிப் பார்த்தார். காற்று சுடரை உள்ளே இழுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தீ ட்ரே வழியே பரவி, ஏறத்தாழ 7 மணி நேரம் எரிந்தது. 1600க்கும் மேற்பட்ட கம்பிகள் பாழாயின.

நம் நாட்டில் 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் தகடு முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மாற்று மின்சாரத்துக்கான கம்பிகளும் தடுப்பின்றி அதே வழியில் போனதால் அவையும் எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையமே மின்சாரம் இன்றிக் கிடந்தது. அணுமின் நிலையத்திலேயே அப்படி என்றால், நம் கடைத்தெரு எம்மாத்திரம்?

கடற்காற்று ஊரில் துரு வேறு தொல்லை. ட்ரேயை வெட்டிய முனையில் துத்தநாகப் பூச்சு போய்விடும், ஜிங்க் பெயின்ட் அடிக்க வேண்டும். அதை யாராவது அடிக்கிறார்களா என்று கேட்காதீர்கள்.

காலமெல்லாம் கோப்போடு குப்பை கொட்டிய குமாஸ்தாவின் யோசனை இது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஓர் எண் எழுதட்டும். சீலிங் மூடுமுன் கைபேசியில் படம் எடுத்து, கட்டட நிறைவுச் சான்று கேட்கும் கோப்பில் சேர்க்கட்டும். படம் இல்லை என்றால் கோப்பு நகரக் கூடாது. பிறகு கம்பி இழுக்க வருகிற எவருக்கும், அடைத்த படம் வந்த பிறகே பாக்கிப் பணம். நோட்டிங்கில் நான்கு வரி கூடும், அவ்வளவுதான்.