அச்சாரமும் ஆகாய விமானமும்

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சிற்றப்பா, தம் மகனுடைய திருமணத்துக்குத் தாலிக்கொடி செய்விக்க எண்ணி, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போனார். நகைக்கடைக்காரர் கொப்பியை விரித்து, எத்தனை பவுன், எத்தகைய வேலைப்பாடு, முகூர்த்தம் எந்நாள் என்பவற்றையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, அச்சாரத் தொகையைச் சொன்னார். சிற்றப்பா பணத்தை வெளியே எடுக்கவில்லை. "முகூர்த்தம் தள்ளிப் போனால் என்ன மாதிரி? பவுன் ஏறினால் ஆர் பொறுப்பு? அதை முதலிலை எழுதுங்கோ" என்றார். எழுதிய பின்னரே பணம் கைமாறியது. சிற்றப்பா பெரிய படிப்புப் படித்தவரல்லர்; ஆயினும் அவர் கேட்ட கேள்வியின் அருமையை அன்று மாலையே உணரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது அயல்வீட்டு மாமி வாசலில் நின்றார். அவருடைய மகள் பாரிஸ் நகரில் வாழ்பவள். பேரப்பிள்ளையைப் பார்க்க மாமி பயணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார். முழங்கால் நோவு உடையவர்; அந்நிய நாட்டு நிலையமொன்றில் நள்ளிரவில் இறங்கி வேறு விமானம் ஏறுவதென்பது அவருக்கு மலையேறுவதற்கு ஒப்பானது. "தம்பி, பாரிசுக்கு நேரை போற பிளேன் முந்தி ஒருக்கா நிண்டதெல்லே. அப்ப ஏன் நிண்டது? இனியும் நிக்குமோ?" என்று கேட்டார். நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய விடை அதற்கு இல்லை. ஆதலால் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அவருக்கும் வாசகர்களுக்கும் சேர்த்தே விடை சொல்ல முயல்கிறேன்.

விமானம் கடையிலே தொங்கும் பண்டமன்று. பிரான்சிலுள்ள துலூஸ் நகரில் எயார்பஸ் நிறுவனத்தாரிடமோ, அமெரிக்காவிலே போயிங் நிறுவனத்தாரிடமோ ஒரு நாடு தொலைதூர விமானம் வேண்டுமென்று ஒப்பந்தம் செய்யும்போது, அது பெறுவது விமானத்தையன்று; கட்டுமான வரிசையில் ஓர் இடத்தையே. கையொப்பமிடும்போது அச்சாரம், கட்டப்படும் காலத்தில் தவணைகள், மிகப் பெரும் பங்கு கையளிக்கும் நாளில். இடைப்பட்ட காலம் மூன்று ஆண்டாகவும் இருக்கலாம், எட்டு ஆண்டாகவும் இருக்கலாம். அந்த ஆண்டுகளிற் கூலியும் உலோகமும் விலையேறினால், அதற்கேற்ப விமானத்தின் விலையும் ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

கைப்பணம் இல்லாதவர்க்கு வேறொரு வழியும் உண்டு. குத்தகை நிறுவனமொன்று விமானத்தை விலைக்கு வாங்கி, மாத வாடகைக்குப் பல ஆண்டு விடும். வாடகைதானே என்று அதனை எளிதாக எண்ணிவிடலாகாது. வீட்டு வாடகையைப்போல மூன்று மாத முன்னறிவித்தலோடு அதனைக் கைவிட முடியாது. உடன்பட்ட காலம் முழுவதற்கும் உடன்பட்டவரே பொறுப்பு.

நிற்க. நம் நாட்டு விமான சேவை இத்தகைய நீண்ட காத்திருப்போடு பிறந்ததன்று. எயார் சிலோன் 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. அன்று பறந்தது டக்கோட்டா என்னும் சிறு விமானம். போருக்கெனப் பல்லாயிரக்கணக்கிற் கட்டப்பட்ட அவ்வின விமானங்கள் போர் முடிந்தபின் ஆயத்தமாகக் கிடைத்தன. காத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. எயார் சிலோன் மறைந்து, 1979ஆம் ஆண்டு எயார் லங்கா தோன்றியபோதும் முதலில் வந்தவை சிங்கப்பூரிலிருந்து வாடகைக்கு எடுத்த போயிங் 707 விமானங்களே.

புத்தம் புதிய தொலைதூர விமானம் 1982ஆம் ஆண்டு வந்தது. லொக்கீட் நிறுவனத்தின் ட்ரைஸ்டார் விமானங்கள் இரண்டு அவ்வாறு வந்தன. ஆனால் அவை வந்து சேருமுன்னரே, 1981 டிசம்பரில், ட்ரைஸ்டார் கட்டுவதை நிறுத்தப்போவதாக லொக்கீட் அறிவித்துவிட்டது. மொத்தம் 250 விமானங்களோடு அவ்வினம் முடிந்தது. வாங்குபவன் தன் எதிர்காலத்தை மட்டுமன்றி, விற்பவனுடைய எதிர்காலத்தையும் கணிக்க வேண்டியவனாகிறான் என்பது அன்றே நமக்குக் கிடைத்த பாடம்.

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு ஸ்ரீலங்கன் விமான சேவை எயார்பஸ்ஸிடம் பத்து அகலவுடல் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. ஆறு, ஏ330-300 இனம். நான்கு, ஏ350-900 என்னும் புதிய இனம். மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 2.3 பில்லியன் டொலர் என்று கூறப்பட்டது. இவற்றுக்கு மேலாக, வேறு நான்கு ஏ350 விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கவும் உடன்பாடு செய்யப்பட்டது. ஏ350 மிகச் சிறந்த விமானம் என்பதில் ஐயமில்லை. அதன் உடலிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு கரிநார் கலந்த பொருளால் ஆனது. பழைய நான்கு இயந்திர ஏ340 குடிக்கும் எரிபொருளோடு ஒப்பிட்டால் இது பெருஞ் சிக்கனம் உடையது. கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரே பறப்பதற்கு இதனினும் பொருத்தமான வாகனத்தைத் தேடுவது அரிது.

ஆறு ஏ330 விமானங்களும் 2014ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி ஒவ்வொன்றாகக் கட்டுநாயக்கவுக்கு வந்து சேர்ந்தன. ஏ350 விமானங்களின் கதை வேறாயிற்று. குத்தகைக்குப் பேசியவற்றுள் முதலாவது 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வரவேண்டியிருந்தது. அதற்குள் 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. நிறுவனமோ ஆண்டுக்கு ஆண்டு நட்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்தரணி ஜே. சி. வெலியமுன தலைமையில் அமைந்த விசாரணைச் சபை அதன் நடவடிக்கைகளை ஆராய்ந்தது. நிறுவனத்தைச் சுருக்கி, அண்டை நாட்டுப் பயணங்களில் ஊன்றி நிற்பதே வழியென்று புதியவர்கள் முடிவு செய்தார்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் சேவையும் பிராங்போட் சேவையும் நின்றன. ஐரோப்பியப் பயணங்களைக் குறைத்துக்கொண்ட நிறுவனத்துக்கு ஐரோப்பாவுக்கென்றே பேசிய விமானம் எதற்கு? ஏ350 குத்தகையும் கைவிடப்பட்டது.

மாமி, பாரிஸ் விமானம் நின்றதற்குக் காரணம் இதுதான். பாரிசுக்குப் போக ஆளில்லாமற் போகவில்லை. வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையிற் கேட்டாலும் பாரிசில் ஒரு பிள்ளை உண்டு. ஒருவர் வகுத்த திட்டத்துக்கு அச்சாரம் கொடுத்தார். பொருள் வரும் வேளையில் அந்தத் திட்டமே இல்லாமற் போயிற்று. அச்சேவை மீண்டும் தொடங்கியது 2021ஆம் ஆண்டிலேதான்.

திட்டம் மறைந்தாலும் கடன் மறையவில்லை. மூன்று ஏ350 விமானங்களின் குத்தகையை நீக்குவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 98 மில்லியன் டொலர் இழப்பீடாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைய நாணய மாற்றின்படி அது 1,400 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட தொகை. அப்பணத்துக்கு ஒரு விமானமோ, ஓர் இருக்கையோ, ஓர் இறகோ இந்நாட்டுக்கு வரவில்லை. விலைக்குப் பேசிய நான்கு ஏ350 விமானங்களும் வரவில்லை.

இதனோடு கதை முடிந்திருந்தால், காலத்தின் கோலம் என்று ஆறுதல் கொள்ளலாம். 2020 ஜனவரி 31ஆம் திகதி இலண்டன் நீதிமன்றத்தில் வெளியானவற்றைக் கேட்டபின் அந்த ஆறுதலுக்கும் இடமில்லாமற் போயிற்று. எயார்பஸ் நிறுவனம் பல நாடுகளிற் கையூட்டுக் கொடுத்துப் பெற்ற ஒப்பந்தங்கள் பற்றி அன்று பிரித்தானிய மோசடி விசாரணை அலுவலகத்தோடு இணக்கம் செய்துகொண்டது. பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 3.6 பில்லியன் யூரோ தண்டம் கட்டவும் உடன்பட்டது. அந்த உண்மைக்கூற்றில் நம் நாட்டுக் கொள்வனவும் இடம்பெற்றிருந்தது. விமான சேவையோடு தொடர்புடைய ஒருவரின் மனைவி இடைத்தரகராக அமர்த்தப்பட்டு, அவருக்கு 16.84 மில்லியன் டொலர் வரை தருவதாக வாக்களிக்கப்பட்டு, 2 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்டது என்று அதிற் கண்டிருந்தது. தண்டப் பணம் மூன்று செல்வந்த நாடுகளின் கருவூலத்துக்குப் போயிற்று. இழப்பீட்டைக் கட்டியதோ நாம்.

அப்படியானால் விமானமே வாங்காதிருப்பதுதான் அறிவுடைமையா என்று கேட்கலாம். அன்று. வெளிநாட்டார் செய்திருப்பதையும் சற்றே பார்க்க வேண்டும்.

எமிரேட்ஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டு எழுபது ஏ350 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவை தனக்கு ஒவ்வா என்று கண்டு 2014 ஜூனில் அனைத்தையும் நீக்கிவிட்டது. கையளிப்புத் தொடங்க வேண்டிய 2019ஆம் ஆண்டுக்கு அப்போது இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. பின்னர் 2019ஆம் ஆண்டு தன் தேவைக்கு ஏற்ப ஏ350 விமானங்களுக்குப் புதிதாக ஒப்பந்தம் செய்து, முதலாவதை 2024 நவம்பரிற் பெற்றது. இதே எமிரேட்ஸ்தான் 1998ஆம் ஆண்டு முதற் பத்தாண்டு காலம் நம் விமான சேவையை நிருவகித்தது என்பது நினைவிருக்கலாம். மனம் மாறுவது குற்றமன்று. விமானம் வாசலுக்கு வரும் வேளையில் மனம் மாறுவதே கேடு.

வாங்குபவன் உறுதியாக இருந்தாலும் விற்பவன் காலந்தவறுவதும் உண்டு. போயிங் நிறுவனம் 777எக்ஸ் என்னும் பெருவிமானத்தை 2013ஆம் ஆண்டு அறிவித்தது; 2020ஆம் ஆண்டு தருவதாகச் சொன்னது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாளை 2027ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. மறுபுறத்தில், ஒருவர் இழந்த இடம் மற்றொருவருக்கு வாய்ப்பாவதும் உண்டு. எயார் இந்தியா 2023 பெப்ரவரியில் 470 விமானங்களுக்கு உடன்பாடு செய்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே முதல் ஏ350 விமானத்தைப் பெற்றுக்கொண்டது. ரஷ்யாவின் ஏரோபுளொட் நிறுவனத்துக்கென்று கட்டப்பட்ட விமானங்கள், போரின் காரணமாக அங்கே போக முடியாமல் இந்தியாவுக்கு வந்தன. ஆயத்தமாக நின்றவனுக்கு அவை கிடைத்தன.

ஆகவே, வாங்கத் தயங்கிக்கொண்டே இருப்பவனும் இழக்கிறான். புதிய பெரிய விமானமொன்றுக்கு இன்று பெயர் பதிபவர் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்க இயலாதவர் பழைய விமானத்தைக் கூடிய வாடகைக்கு எடுக்க நேரும். அந்த விமானம் பழுதாகி நின்றால், பேரப்பிள்ளையின் பிறந்த நாளுக்குப் போகவேண்டிய பாட்டி நிலையத்து வாங்கிலே இரவைக் கழிப்பார்.

என் கருத்தெல்லாம் ஒன்றே. விமானக் கொள்வனவைக் கையொப்பமிடும் நாளை வைத்து மதிக்கலாகாது. கையளிக்கும் நாளை வைத்தே மதிக்க வேண்டும். கையொப்பமிடும் நாளிலே கண்காட்சி உண்டு, கைகுலுக்கல் உண்டு, மறுநாட் பத்திரிகையிற் படமும் உண்டு. ஆனால் நான்கு ஆண்டு கழித்துப் பணம் கட்டும் நாளில், கையொப்பமிட்டவர் அந்த நாற்காலியில் இரார். அவரை அமர்த்திய அமைச்சரும் இரார். இருப்பவர் நாம் மட்டுமே. விமானம் ஏறியே அறியாத தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் அந்தக் கணக்கில் ஒரு பங்காளி.

இது வெறும் அணிமொழியன்று. 2022 ஏப்ரில் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பாலானவற்றைக் கட்டுவதை நிறுத்தியபோது, விமான சேவைக்காக அரசு பிணை நின்ற 175 மில்லியன் டொலர் கடன்பத்திரங்களும் நம் தலைமேல் இருந்தன. 2024 ஜூனில் அவை முதிர்ந்தபோதும் கட்டுவதற்குப் பணம் இருக்கவில்லை. அந்தக் கடன் முழுவதும் விமானம் வாங்கப் பட்டது என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்டிலே, ஒரு நிறுவனத்தின் கடனுக்கு அந்த மக்களே பிணையாளிகளாக இருந்தார்கள் என்பதையே சொல்கிறேன்.

இனி இந்நாடு தொலைதூர விமானத்துக்கு அச்சாரம் கொடுக்கும் நாள் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். அந்நாளில் ஒப்பந்தத்தின் முக்கிய உடன்பாடுகளைப் பாராளுமன்றத்தில் வைக்கட்டும். விமானம் எந்த ஆண்டு வரும், எந்த ஊருக்குப் பறக்கும், வேண்டாமென்றால் எந்தத் திகதிக்குள் எவ்வளவு இழப்போடு விலகலாம், இடையில் நிற்பவர் எவர் என்பவற்றை வெளிப்படையாகச் சொல்லட்டும். ஆட்சி மாறினாலும் மாறாத ஒரு திட்டத்துக்கு இருபக்கத்தாரும் உடன்பட்ட பின்னரே பேனையை எடுக்கட்டும். இவற்றைக் கேட்பதற்குப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. செட்டியார் தெருவில் என் சிற்றப்பா கேட்ட கேள்வியே போதும்.

மாமிக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே: பாரிஸ் விமானம் இனியும் நிற்குமோ என்பதற்கான விடை, வானிலையில் இல்லை, கையொப்பங்களில் இருக்கிறது. இம்முறை நலமே போய் வாருங்கள். சிற்றப்பாவின் தாலிக்கொடியோ, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது.