கட்டு அவிழ்ந்த பிறகு

கோட்டக்குப்பத்தில் ஒரு பாட்டி வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டால் அடுத்து நடப்பது ஊருக்கே தெரியும். புதுச்சேரி எட்டும் தூரத்தில் இருப்பதால் ஜிப்மர். இல்லாவிட்டால் புத்தூர் கட்டு. சில வாரங்களில் கட்டு அவிழும், பாட்டி அடுப்படிக்குத் திரும்புவார். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்பதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கானிஸ் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ‘ஃப்ராக்ஸ்’. வயது, எடை, உயரம், முந்தைய முறிவு, புகை, மது, முடக்குவாதம், ஸ்டீராய்டு என்று விவரங்களைக் கொடுத்தால், அடுத்த 10 ஆண்டுகளில் எலும்பு முறிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்சா ஸ்கேன் அளவு இருந்தால் சேர்க்கலாம். இல்லாமலும் கணக்கு வரும். ஸ்கேனுக்கு அலைய முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி.

ஸ்கேனை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் எலும்புப்புரை நோய்க்கு, ஸ்கேன் தரும் அடர்த்தி மதிப்பான டி-ஸ்கோரில் மைனஸ் 2.5 என்று கோடு போட்டது. ஆனால் முறிவோடு வருபவர்களில் பலர் அந்தக் கோட்டைத் தொடாதவர்கள்.

எத்தனை சதவீதத்தில் மருந்து தொடங்குவது? அமெரிக்காவில் எலும்பு அடர்த்தி ஓரளவு குறைந்தவர்களுக்கு, இடுப்பெலும்புக்கு 3, முக்கிய முறிவுகளுக்கு 20. பிரிட்டனில் வயதுக்கு ஏற்ப மாறும். நாட்டைப் பொறுத்துக் கணக்கே வேறுபடும் என்பதுதான் வேடிக்கை: பிரான்சில் இருக்கும் மகன் அங்கிருந்தே அம்மாவின் விவரங்களைத் தட்டினால், ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்தாரா என்று பார்க்க வேண்டும். இடுப்பெலும்போ முதுகெலும்போ ஏற்கெனவே லேசான அடியில் முறிந்தவருக்கு இந்தக் கணக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிகிச்சை பற்றி உடனே பேசலாம்.

நம் வீடுகளில் ஃப்ராக்ஸின் கேள்விகள் வழுக்கும் இடங்கள் சில. ‘பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா?’ என்றால் ‘இல்லை’ என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், “அம்மா கிணத்தடியில விழுந்தாங்க, படுத்தவங்க எழுந்திரிக்கவே இல்ல” என்று வரும். எக்ஸ்ரே எடுக்காத முறிவு அது. ஸ்டீராய்டும் அப்படித்தான், மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரையின் பெயர் யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோயும் அடிக்கடி விழுவதும் ஆபத்தைக் கூட்டுபவை. ஆனால் வயதானபின் வரும் சர்க்கரைக்கோ, எத்தனை முறை விழுந்தார் என்பதற்கோ அந்தப் பழைய ஃப்ராக்ஸ் படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது. மருத்துவர்தான் மனத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கோட்டக்குப்பத்துக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லையே, எலும்புக்கு என்ன குறை என்று தோன்றலாம். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக உப்பு வாரும் பெண்களின் தோலில் எவ்வளவு வெயில் படும்? திருப்பதி வட்டாரத்தில் ஹரிநாராயண் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கிராமப் பெண்களிலேயே 70 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. அதைச் சரிசெய்த பிறகே அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து. வாரம் ஒன்று, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஐம்பது கடந்த பெண்களிடம், “விழுந்து எலும்பு முறிஞ்சிருக்காம்மா?” என்ற ஒரு கேள்வியையும் சுகாதாரத் துறை அவர்கள் படிவத்தில் சேர்க்க வேண்டும்.