பாய்லருக்குப் பரீட்சை அவசியம்

பிரிட்டனில் சிறிய மாதிரி நீராவி யந்திரங்களைத் தம் கையாலேயே செய்து ஓட்டுவோர் பலர். 1898-லேயே பெர்ஸிவல் மார்ஷல் அவர்களுக்கென ‘மாடல் எஞ்சினீர்’ என்னும் பத்திரிகையைத் தோற்றுவித்தார். இன்று அவர்களிற் பலர் கம்ப்யூட்டரிலேயே வரைபடம் தயாரிக்கின்றனர். இதை நாம் வரவேற்கிறோம். ஆயின், படம் பிழையற்றதெனில் பாய்லரும் பிழையற்றதே என்று கருதுவது வீண் மயக்கமாகும். செப்புத் தகடுகளின் இடுக்கில் வெள்ளிப் பற்றாசு முற்றும் பாய்ந்ததா என்பதை எந்தப் படம் அறியும்?

ஆகவேதான் அங்குள்ள சங்கங்கள், புதுப் பாய்லரை அதன் வேலை அழுத்தத்தினும் இருமடங்கு அழுத்தத்தில் குளிர்ந்த நீரால் பரீட்சிக்கின்றன. நீர் எளிதில் சுருங்காது. இணைப்பு விட்டால் பெரும்பாலும் கசிவோடு முடியும். அதே குறையை நீராவி கண்டுபிடித்தால் வெடிப்பே விளையும்.

‘எம் பொழுதுபோக்கில் பிறர் தலையிடுவதேன்?’ என்பாரும் உளர். 2001 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மெடினாவில், ஆர்வலர் ஒருவரின் பழைய நீராவி டிராக்டர் வெடித்து ஐவர் மாண்டனர். அது பெரிய யந்திரம் என்பது மெய்யே. நீராவியின் இயல்போ இரண்டிலும் ஒன்றே. சிறு ரெயிலின் பின்னே அமர்ந்து செல்லும் குழந்தை பாய்லரைச் சோதித்தறிய வல்லதன்று. அதன் பொருட்டேனும், பரீட்சையில் தேறாத பாய்லரில் நெருப்பு மூட்டலாகாது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.