பழைய கணினிக்குப் புத்துயிர்

க.பொ.த. உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளைக்குக் கணினி ஒன்று வேண்டும். புதியது வாங்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. அதே வேளையில், அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் கடைகளிலும் களஞ்சிய அறைகளிலும் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றின் நல்லுறுப்புக்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கினால் அப்பிள்ளையின் குறை தீருமன்றோ? தீரும். ஆயின், எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அறிந்து செய்தல் வேண்டும். அறியாது செய்தால், பிள்ளை படிப்பை விட்டுக் கணினிக்கு வைத்தியம் பார்ப்பதிலேயே காலத்தைக் கழிக்கும்.

முதலிற் பார்க்கவேண்டியது தாய்ப்பலகை. ஏனைய உறுப்புக்கள் யாவும் அதற்குக் கட்டுப்பட்டவை. இன்ரெல் நிறுவனத்தின் 2ஆம், 3ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் 1155 தொடுகைகள் கொண்ட தாங்கியிற் பொருந்துவன. 2013இல் வெளிவந்த 4ஆம் தலைமுறைக்கோ தொடுகைகள் 1150. ஐந்துதானே வேறுபாடு என்று எண்ணி ஒன்றை மற்றதில் வைத்து அழுத்தினால், தாங்கியின் மெல்லிய ஊசிகள் வளைந்து பலகையே பழுதாகிவிடக்கூடும். நினைவகமும் அவ்வாறே. டிடிஆர்3, டிடிஆர்4 என்னும் இருவகைத் தகடுகளிலும் வெட்டு வெவ்வேறிடத்தில் இருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றது இறங்காது. இறங்க மறுப்பதை வற்புறுத்தலாகாது.

மாணவனின் தேவைக்கு 4ஆம் தலைமுறைக் கோர் ஐ5 செயலியும் 8 கிகாபைட் நினைவகமும் போதுமென்பது என் துணிபு. அதற்கும் முந்திய கோர் 2 டுவோ கணினியை ஒருவர் இலவசமாகத் தந்தாலும் நான் பெறமாட்டேன். பெட்டியின் நிறத்தையும் அழகையும் பற்றிப் பிள்ளைகள் கவலைப்படுவர். அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

கையிலுள்ள சிறு பணத்தை எதிற் செலவிடுவது? சேமிப்பகத்தில் என்று தயங்காது சொல்வேன். பழைய வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. அதன்மேல் வாசிப்புத்தலை இங்குமங்கும் ஓடித் தேடவேண்டியிருப்பதால் ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறையப் பத்து மில்லிசெக்கன் கழியும். திண்மநிலைச் சேமிப்பகத்தில் ஓடுவதற்கு உறுப்பெதுவுமில்லை. தேடலும் நொடிப்பொழுதில் முடிகிறது. கணினி கிழடாகிவிட்டதென்று நாம் சலித்துக்கொள்வது பலவேளைகளில் இத்தட்டின் தாமதத்தையே. 240 கிகாபைட் அளவுள்ள புதிய சேமிப்பகமொன்றே போதும்.

மின்வழங்கியிற் சிக்கனம் கூடாது. பெயரறியா மலிவுச் சரக்குப் பழுதாகும்போது ஏனைய உறுப்புக்களையும் உடன்கொண்டு போகலாம். தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகளின் தலை வீங்கியோ கசிந்தோ இருப்பின் அப்பலகையைத் தள்ளிவிடுக. மின்வழங்கியின் பெட்டியையோ எக்காரணங்கொண்டும் திறவாதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

சிறு காசளவுள்ள 3 வோல்ற் பற்றரியையும் மறத்தலாகாது. அது தீர்ந்தால் கணினியின் நாட்காட்டி பல்லாண்டு பின்சென்றுவிடும். திகதி பிழைத்தமையால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். இதனைப் பெரும்பழுதென்று கருதி நல்ல கணினியை எறிந்தோரும் உளர்.

இனி, பணிசெயல் முறைமை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிவடைந்தது. விண்டோஸ் 11 இத்துணைப் பழைய செயலிகளை ஏற்பதில்லை. ஆகலின் லினக்ஸ் மின்ற் நிறுவுதலே தக்கது. அது இலவசமானது, தமிழில் தட்டெழுதலாம், பாடத்திட்டத்திலுள்ள பைதன் மொழியும் அதில் இயங்கும். ஒப்படைக்குமுன் ஓரிரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓடவிடுக. பொருத்தும் வேலையைப் பிள்ளையின் கையாலேயே செய்விப்பது இன்னும் நன்று.

பழைய வன்தட்டுக்களை அழிக்குமுன் கொடுத்தவரை ஒருமுறை கேட்டுக்கொள்க. எம் மாணவர் கழற்றிய தட்டொன்றைப் பற்றி உரியவரிடம் அவ்வாறு கேட்டபோது, தம் மகளின் திருமணப் படங்கள் அதிலன்றி வேறெங்குமில்லை என்று அவர் அன்று மாலையே ஓடிவந்தார். படங்களைப் பிரதிசெய்து கொடுத்த பின்னரே தட்டை அழித்தோம்.