விளங்கா மடலும் பதினைந்து நாளும்

வழக்குரைஞர் ஒருவரிடமிருந்து பதிவஞ்சலில் ஒரு மடல் வருகின்றது. பெறுகின்றவர் ஓர் உழவர். அன்றி ஒரு நெசவாளர். அன்றித் தெருவோரம் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு தாய். மடல் முழுதும் ஆங்கிலம். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் காட்டினால் பிள்ளைக்கும் அது விளங்குவதில்லை. ஆங்கிலேயர்க்கே விளங்காத ஆங்கிலம் அஃது. மடல் கூரை இடுக்கில் செருகப்படுகின்றது. பதினைந்து நாள் கழிகின்றது. அதன்பின் வருவது மடலன்று, முறைமன்றத்து அழைப்பாணை.

அந்த மடலில் என்னதான் இருந்தது? பணமின்றித் திரும்பிய காசோலையைப் பற்றிய அறிவிப்பு அது. காசோலை திரும்பிய செய்தி வைப்பகத்திலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், காசோலை கொடுத்தவர்க்கு எழுத்தில் அறிவிப்பு விடுக்கவேண்டும் என்பது சட்டம். அறிவிப்புக் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அத்தொகையைச் செலுத்திவிட்டால் வழக்கே இல்லை. செலுத்தாவிடில் அடுத்த ஒரு திங்களுக்குள் குற்றவழக்குத் தொடுக்கலாம். ஈராண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை தண்டமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிறைக்கும் வீட்டிற்கும் இடையில் நிற்பது அந்தப் பதினைந்து நாள்தான். மடலை வாங்க மறுத்துவிட்டால் தப்பிவிடலாம் என்று ஊரில் சொல்வார் உண்டு. மறுத்த மடலும் சேர்ந்த மடலாகவே கொள்ளப்படும். சரியான முகவரிக்கு வந்த மடலை வாங்குவதும், வந்த நாளை உறையின்மேல் குறித்து வைப்பதும், அன்றே அதன் பொருளைக் கேட்டறிவதும் ஒருவர் செய்யவேண்டிய முதல் வேலை.

எளியவர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இத்தகையனவே. பத்தாண்டுக்கு முன் எழுதித் தந்த கடனுறுதிச் சீட்டை (ஊரார் வழக்கில் 'புரோநோட்டு') எடுத்துக் காட்டி ஒருவன் மிரட்டுகின்றான், அது செல்லுமா? கேட்கும்போது தருவதாக எழுதிய சீட்டாயின், எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்கிட்டிருக்க வேண்டும். அம்மூன்றாண்டுக்குள் சீட்டின் பின்புறத்தில் 'இவ்வளவு செலுத்தினேன்' என்று எழுதி ஒப்பமிட்டிருந்தால், அந்நாள்தொட்டுப் புதிதாக மூன்றாண்டு ஓடும். ஒன்றும் எழுதப்படவில்லையேல் வழக்குக்குக் காலம் கடந்துவிட்டது. ஆயினும் இங்கொரு கண்ணி இருக்கின்றது. காலங்கடந்த கடனையும் 'அடைத்துவிடுகின்றேன்' என்று எழுத்தில் உறுதி கூறி ஒப்பமிட்டுக் கொடுத்தால், அது புதிய ஒப்பந்தமாகிவிடும்! கடன் கொடுத்தவன் அன்பொழுகப் பேசி, ஒரு தாளை நீட்டி, 'சும்மா ஒரு கையெழுத்து' என்பது இதற்காகத்தான். வெற்றுத்தாளில் ஒப்பமிடுவதோ இதனினும் பெருங்கேடு. அதில் பின்னால் என்ன ஏறும் என்பது எழுதுகின்றவன் கையில் இருக்கின்றது.

இவையெல்லாம் மறைபொருள்களா? அல்ல. நூலில் உள்ளவை, நாள்தோறும் மன்றங்களில் நடப்பவை. ஆயினும் எளியவர்க்கு எட்டவில்லை. கரணியம் வறுமை மட்டுமன்று, மொழியும் ஆகும். தமிழ்நாட்டு மன்ற வாயிலில் நின்று காதைக் கொடுத்தால், ஆங்கே கேட்பன எவை? வக்கீல், வக்காலத்து, வாய்தா, சாமீன், நகல், அமீனா - இவையெல்லாம் அரபும் பாரசீகமும் விட்டுச் சென்றவை. அவற்றின்மேல் வடமொழிப் பூச்சு. அதற்கும் மேல் ஆங்கிலம். வழக்குத் தோற்றவன் 'எக்சுபார்ட்டி ஆகிவிட்டது' என்கின்றான். என்ன ஆயிற்றென்று அவனுக்குத் தெரியாது. 'ஒருதலைத் தீர்ப்பு' என்று சொல்லியிருந்தால், தான் வராததனால் எதிரியின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்த்துவிட்டனர் என்பது அப்பொழுதே விளங்கியிருக்கும். அத்தீர்ப்பை நீக்கக் கோரி 30 நாளுக்குள் முறையிடலாம்; அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ணலாம். இச்செய்தியும் பலர்க்கு 31ஆம் நாளில்தான் தெரியவருகின்றது.

தமிழில் சட்டச் சொற்கள் இல்லாமையாலா இந்நிலை? சோழர் கல்வெட்டுகளில் 'ஆவணக்களரி' என்றும் 'விலையாவணம்' என்றும் சொற்கள் உள. 10ஆம் நூற்றாண்டு உத்தரமேரூரில், ஊராட்சிக்கு நிற்போர் தகுதி இன்னதென்னும் நெறி, வடசொல் கலந்தேனும், ஊரவை கூடும் இடத்துச் சுவரிலேயே வெட்டப்பட்டது. பிற்காலத்தே, முன்சீபு வேலை பார்த்த மாயூரம் வேதநாயகம், பழைய உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 1862இல் நூலாக வெளியிட்டார். நூலின் பெயரென்னவோ 'சித்தாந்த சங்கிரகம்'! பெயரில் வடமொழி இருந்தாலும் அவர் செய்த பணி தமிழர்க்குச் செய்த பணியே. அதன்பின் நூற்றறுபது ஆண்டு கடந்தும் அப்பணி அரைகுறையாகக் கிடப்பது அவர் குற்றமன்று.

2024 சூலை 1 முதல் குற்றவியற் சட்டங்கள் மூன்றும் புதியனவாயின. இந்திய ஒன்றியத்தார் அவற்றுக்கு இட்ட பெயர்கள் வடமொழி. உள்ளிருக்கும் வாசகம் ஆங்கிலம். தமிழன் வாயில் பெயர் நுழையவில்லை. கண்ணுக்கு வாசகம் புலப்படவில்லை. இருந்தும் அவற்றுள் எளியவர் அறியவேண்டிய செய்திகள் உள. காவல் துறையே வழக்குப் பதியத்தக்க குற்றமாயின், அது எந்த ஊர் எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல்நிலையத்திலும் முறையிடலாம். 'இஃது எங்கள் எல்லையன்று' என்று திருப்பிவிடுதல் கூடாது. முதற் செய்தியறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தரவேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்கு அஞ்சலில் எழுதலாம். அங்கும் பயனில்லையேல் குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

தமிழ்நாட்டில் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். முறையீட்டைப் பெற்றுக்கொண்டு நிலையத்தில் ஒரு சீட்டுத் தருவர். ஊரார் அதனைச் 'சி.எசு.ஆர்.' என்பர். அது முறையீடு வந்து சேர்ந்தமைக்குச் சான்று, அவ்வளவே. வழக்குப் பதியப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அச்சீட்டைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு, வழக்கு நடக்கின்றதென்று ஆண்டுக்கணக்காய்க் காத்திருப்போர் உளர். இரண்டு தாளிலும் தலைப்புத் தமிழில் தெளிவாக இருந்திருப்பின் இவ்வேமாற்றம் நேருமா?

தளைப்படுத்தலில் மொழி உயிர்நிலை. தளைப்பட்டவரை 24 மணிநேரத்துக்குள், வழிச்செலவு நேரம் நீங்கலாக, நடுவர்முன் நிறுத்தவேண்டும். ஏன் தளைப்படுத்தினர் என்று சொல்லவேண்டும். எந்த மொழியில் சொல்வது? மராட்டிய மாநிலத்து வழக்கொன்றில் 1962இலேயே உச்சமுறைமன்றம் விடை தந்துவிட்டது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் ஆங்கிலம் அறியாதவர். கரணியங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, வாயால் பெயர்த்துச் சொன்னது போதாதென்று அவரை விடுவித்தது. 2025 நவம்பரில் அதே மன்றம், எக்குற்றமாயினும் தளைப்படுத்தும் கரணியத்தை அவர்க்கு விளங்கும் மொழியில், எழுத்தில் தருதல் வேண்டும் என்றும், அப்பொழுதே தரவியலாவிடில் நடுவர்முன் நிறுத்துவதற்கு இரண்டு மணிநேரம் முன்னரேனும் தந்துவிட வேண்டும் என்றும் அறுதியிட்டுக் கூறியது. தமிழன் ஒருவனிடம் ஆங்கிலத் தாளை நீட்டி 'ஒப்பமிடு' என்றால், 'தமிழில் தருக' என்று அவன் கேட்பது இரந்து கேட்பதன்று, உரிமையைக் கேட்பது.

வழக்குரைஞர்பால் போகின்றவர்க்கும் சில செய்திகள். வழக்கில் வருவதில் இத்தனை பங்கு என்று கூலி பேசுதல் அத்தொழில் நெறிக்கு மாறானது. வழக்குரைஞரை மாற்றிக்கொள்ள எவர்க்கும் உரிமையுண்டு. கட்டணம் நிலுவை என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளல் ஆகாதென்று 2000இல் உச்சமுறைமன்றம் தீர்ப்புரைத்தது. வழக்குப் பதியப்பட்டதும் அதற்குரிய 16 எண்ணெழுத்துக் குறியீட்டைக் கேட்டு வாங்கினால், அடுத்த நாள் எப்பொழுது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் கொடுக்க வழியற்றவர்க்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கின்றது. பெண்டிர், சிறார், பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர்க்கு வருவாய் வரம்பு பாராது வழக்குரைஞரை அமர்த்தித் தரவேண்டும். வட்ட அளவிலான மன்ற வளாகங்களிலேயே அதற்குரிய குழு இயங்குகின்றது. தொலைபேசி எண் 15100. அங்கே கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண் போய்த் தமிழில் வாய்திறந்து பேசலாம். பேசியது தாளில் ஏறும்போது எந்த மொழியில் ஏறுகின்றது என்பதே எஞ்சிய வினா.

கீழ்முறைமன்றங்களில் சான்றுரை பதியவும் தீர்ப்பெழுதவும் தமிழே மொழியென, 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் பின்னர் செய்யப்பெற்ற திருத்தம் கூறுகின்றது. கூறியும் ஆங்கிலம் குறையவில்லை. சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலத்து உயர்மன்றங்களில் இந்தி ஒலிக்க, அரசியற் சட்டத்தின் 348ஆம் பிரிவு வழிவிட்டது. அதே பிரிவு தமிழுக்குக் கதவடைத்தது. 2012இல் உச்சமுறைமன்றம் இசையவில்லை. அக்கதவு திறக்கும்வரை போராட்டம் ஓயாது.

ஆனால் உழவர்க்குப் போகும் அறிவிப்பு மடலைத் தமிழில் எழுத எந்தக் குடியரசுத் தலைவரின் இசைவும் வேண்டுவதில்லை. கட்சிக்காரர் ஒப்பமிடும் வழக்குரிமைச் சீட்டைத் தமிழில் அச்சிட ஆளுநரைக் கேட்கவேண்டியதில்லை. மேடையில் தமிழ் தமிழென்று முழங்கிவிட்டு, மறுநாள் காலையில் ஆங்கிலத்தில் மடல் விடுக்கும் வழக்குரைஞர் பலர் தமிழ்நாட்டில் உளர். அவர்தம் மேசையிலிருந்து இந்தத் திங்கள் வெளியேறும் மடல்களுள் எத்தனை தமிழில் இருக்கும்?