யாரும் தேடாதபோது எதற்கு இந்த ஓட்டம்?

கணினியில் ஒரே ஒரு வேர்டு கோப்புதான் திறந்திருக்கிறது. ஆனாலும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. மின்விசிறி இரைகிறது, மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பட்டியலின் உச்சியில் விண்டோஸின் தேடல் இண்டெக்ஸர். இத்தனைக்கும் யாரும் எதையும் தேடவில்லை!

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டு. ஒன்று, "அந்த சர்வீஸை நிறுத்திவிடு". இன்னொன்று, "ரேம் வாங்கிப் போடு". தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா? சர்வீஸை நிறுத்தினால் ஸ்டார்ட் மெனு தேடலும் அவுட்லுக் தேடலும் சேர்ந்து பாதிக்கப்படும். ரேம் வாங்குவதோ, மென்பொருளின் குறைக்குப் பயனர் கட்டும் அபராதம்.

இண்டெக்ஸர் செய்வது என்ன? புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, ஒவ்வொரு கோப்பையும் திறந்து, உள்ளே இருக்கும் சொற்களை எடுத்து ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. கோப்பு மாறினால் மறுபடியும் படிக்கிறது. புதுக் கணினியில் முதல் ஓரிரு நாள் இந்த வேலை நடப்பது கோளாறு அல்ல. வாரக்கணக்கில் முடியாமல் ஓடினால்தான் கோளாறு.

அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை அது விடாமல் படித்துக்கொண்டிருக்கலாம். ஏதோ ஒரு வகைக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் ஃபில்டர் பழுதாகி அங்கேயே சிக்கியிருக்கலாம். அல்லது தரவுத்தளமே கெட்டுப்போயிருக்கலாம்.

மருந்தும் இதே வரிசைதான். கண்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸைத் திறந்தால் எத்தனை கோப்புகள் முடிந்தன என்ற எண்ணிக்கை தெரியும். மாடிஃபை பொத்தானை அழுத்தித் தேவையில்லாத ஃபோல்டர்களை நீக்கலாம். அட்வான்ஸ்டு பகுதியில் சந்தேகத்துக்குரிய கோப்பு வகைக்கு உள்ளடக்கம் வேண்டாம், பெயர் முதலிய விவரங்கள் போதும் என்று மாற்றலாம். ரீபில்ட் கடைசி ஆயுதம். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கும் என்பதால் இரவில் ஓடவிடுவது நல்லது.

ஆனால் இந்த மருந்தைப் பயனர் ஏன் தேடி அலைய வேண்டும்? பெரும்பாலானவர்கள் தேடுவது கோப்பின் பெயரைத்தான். அதற்கு எந்தக் கோப்பையும் திறக்கத் தேவையே இல்லை. 'எவ்ரிதிங்' என்ற சிறிய இலவச மென்பொருள், பெயர்கள் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் என்டிஎஃப்எஸ் அட்டவணையை மட்டும் படித்து, தட்டச்சு செய்யும்போதே விடையைக் காட்டுகிறது. பெயர்த் தேடல் மலிவு, உள்ளடக்கத் தேடல்தான் செலவு. எது வேண்டும் என்று முதல் நாளே கேட்பதில் என்ன கஷ்டம்?

பெரிய நிறுவனங்களுக்கு இருந்த கவலையே வேறு. 2004 அக்டோபரில் கூகுள் டெஸ்க்டாப் வந்தது. 2005-ல் ஆப்பிளின் ஸ்பாட்லைட். 2007-ல் விஸ்டாவோடு மைக்ரோசாப்ட் தேடலும் கூடவே வந்து உட்கார்ந்தது. கூகுள் முறையிட, விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கில் மாற்றம் செய்ய மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. யாருடைய தேடல் என்பதுதான் அங்கே சண்டை. பயனரின் கணினியில் அது எவ்வளவு தின்னலாம் என்பதற்கு யாரும் சண்டை போடவில்லை. கூகுள் டெஸ்க்டாப்பும் 2011-ல் மூடப்பட்டுவிட்டது.

"பயனர் வேலை செய்யும்போது இண்டெக்ஸர் தானாக ஒதுங்கிக்கொள்ளுமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறக்கப்படும் பழைய லேப்டாப்புக்கு ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது? ஒதுங்கி ஒதுங்கி அந்த வேலை முடிவதே இல்லை. அதோடு, வட்டு திணறும் நேரத்தைச் சரியாகக் கண்டறியும்படி இண்டெக்ஸரை மைக்ரோசாப்ட் மேம்படுத்தியது 2020-ல், விண்டோஸ் 10-ன் 2004 பதிப்பில்தான். விஸ்டா வந்து 13 ஆண்டுகள் கழித்து! புகார் சொன்னவர்களின் கணினிதான் பழசு என்று அத்தனை வருடம் சொன்னவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்?

வீட்டுக்கு வேலைக்கு வருபவர்கூட எந்த அறையைத் துடைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். மென்பொருளுக்கும் அந்த மரியாதை தெரிந்திருக்க வேண்டும். எதைப் படிக்கலாம், எப்போது படிக்கலாம் என்ற இரண்டே கேள்விகள் போதும். விடையைப் பயனர் சொல்லிவிடுவார்.