ஏரிக்கரையில் ஒரு கணக்கு

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றித் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 2016 மார்ச்சில் அவ்வேரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. மறு ஆண்டு பெல்லந்தூர் ஏரி தீப்பற்றியே எரிந்தது!

மாணவர்கள் ஒருநாள் கூடிக் கரையிலுள்ள நெகிழிப் பைகளைப் பொறுக்கினால் இக்கேடு நீங்குமா? நீங்காது. கழிவுநீரைத் தடுப்பது மாநகரத்தின் கடமை, சிறுவர்களின் கடமையன்று. ஆயினும், தூய்மைப்பணி வேண்டும் என்பதே என் கருத்து. எந்தக் கால்வாய் வழியாகக் கழிவு வருகிறது என்பது கரையில் நின்று பணிசெய்பவர்க்கே புலப்படும். பொறுக்கியவற்றை வகைவாரியாக எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அக்கணக்கை ஆசிரியர் துணையுடன் மாநகராட்சிக்கு அனுப்புங்கள். கடிதம் கன்னடத்தில் இருக்கட்டும். வகுப்பில் கன்னடத் தோழர் இல்லாமலா போவார்? மறுமாதம் அதே இடத்தில் மீண்டும் எண்ணுங்கள்.